ரீஃபர் பெட்டி முரண்டு பிடித்தால்: குளச்சல் லோடிங் யார்டிலிருந்து

குளச்சல் பக்கம் ஒரு மீன் பதப்படுத்தும் கூடத்தில் கன்டெய்னர் லோடிங் பார்ப்பது என் வேலை. கணவாய், இறால், சூரை எல்லாம் ரீஃபர் பெட்டியில், அதாவது குளிரூட்டும் மெஷின் வைத்த கன்டெய்னரில், மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் கப்பலேறும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடைக்காலம். அப்போது மீன் வரத்து சுருங்கிவிடும். துருவிய தேங்காய், மரச்சீனிக் கிழங்கு, பலாச்சுளை ஏற்றுகிற யூனிட்டுகளுக்கும், எப்போதாவது ஏத்தன் காய் (நேந்திர வாழை) அனுப்புகிறவர்களுக்கும் ஒத்தாசைக்குப் போவேன். எந்தச் சரக்காக இருந்தாலும் எனக்கு வரும் போன்கள் ஒரே மாதிரிதான்: "பெட்டி கூலிங் ஆகமாட்டேங்குது."

அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், பர்ஸைக் கடிக்கும் காரணம் கடைசியில். கையில் ஒரு ப்ரோப் தெர்மாமீட்டர் (சரக்குக்குள் குத்தி அளப்பது), ஒரு டார்ச், கேமரா உள்ள போன் போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரீஃபர் பெட்டி சரக்கை உறைய வைக்கிற ஃப்ரீசர் கிடையாது. உறைந்து வந்த சரக்கை அப்படியே வைத்திருக்கும், அவ்வளவுதான். எனக்கு வந்த புகார்களில் பாதிக்கு மேல் இதை மறந்ததால் வந்தவை.

பிளக் போட்டாயிற்று, டிஸ்ப்ளே எரியவில்லை

முதலில் பிளக்கைப் பாருங்கள். நாலு முள் வைத்த 32 ஆம்பியர் பிளக் அது. பாதி நுழைந்த மாதிரி இருக்கும், லாக் ஆகியிருக்காது. யார்டு ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டுத்தான் கழற்றிப் போட வேண்டும். 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற கம்பி. ஐஸ் தண்ணீர் ஓடும் தரையில் வெறுங்காலோடு நின்று பிளக்கைப் பிடுங்குகிறவர்களை இன்னும் பார்க்கிறேன், நெஞ்சு பதறும்.

அடுத்து மெஷினின் கன்ட்ரோல் பாக்ஸில் இருக்கும் மெயின் பிரேக்கர், அதன் பக்கத்து ஆன்-ஆஃப் ஸ்விட்ச். டிரெய்லரிலிருந்து இறக்கும்போது டிரைவர் ஆஃப் செய்திருப்பார், சொல்லியிருக்க மாட்டார்.

அதுவும் சரி என்றால் உங்கள் கரன்ட்டைச் சந்தேகப்படுங்கள். மூன்று ஃபேஸில் ஒன்று போயிருந்தால் ஆபீஸில் லைட் எரியும், பெட்டி மட்டும் செத்துக் கிடக்கும். அல்லது டிஸ்ப்ளே எரியும், கம்ப்ரசர் ஓடாது. மாலையில் கூடத்தின் ஃப்ரீசர்கள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது வோல்டேஜ் சரிந்தாலும் இதே கதைதான். உங்கள் எலக்ட்ரீஷியன் சாக்கெட்டில் மூன்று ஃபேஸையும் அளந்து சொல்லட்டும்.

பிரேக்கரை ஒருமுறை தூக்கிவிடலாம். மறுபடி விழுந்தால் அங்கே நிறுத்துங்கள். சாக்கெட் வரைக்கும் உங்கள் எலக்ட்ரீஷியன், பிளக்குக்கு அப்பால் ஷிப்பிங் லைன் அனுப்பும் டெக்னீஷியன். பெட்டி அவர்களுடைய சொத்து. ஊர் ஏசி மெக்கானிக்கை விட்டு மூடியைக் கழற்றினால் நாளைக்கு எந்த க்ளெயிமும் நிற்காது.

டிஸ்ப்ளே எரிகிறது, வெப்பம் இறங்கவில்லை

பதறுவதற்கு முன்னால் நாலு விஷயம்.

பவர் கொடுத்ததும் கம்ப்ரசர் உடனே ஓடாது, சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். டிஃப்ராஸ்ட் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்தால் மெஷின் தன் காயிலில் (குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) படிந்த பனியை ஹீட்டர் போட்டு உருக்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஃபேன் நின்றிருக்கும், நம்பர் ஏறும். டீ குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள்.

மூன்றாவது செட் பாயிண்ட், அதாவது மெஷினில் நாம் குறித்து வைக்கும் வெப்ப அளவு. மைனஸ் விட்டுப்போய் பிளஸ் 18 என்று வந்த பெட்டியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதைவிட நைசான பொறி ஒன்று உண்டு. அமெரிக்க பையர் மெயிலில் வெறுமனே "0 டிகிரி" என்று எழுதுவார். அவர் சொல்வது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் ஏறக்குறைய மைனஸ் 18. புக்கிங் போடுகிற பையன் அதை செல்சியஸ் பூஜ்யம் என்று அடித்துவிட்டால் மெஷின் சொன்னபடி கேட்டு உங்கள் இறாலைத் தண்ணீராக்கும். புக்கிங் தாள், பி.டி.ஐ. ஸ்டிக்கர் (பயணத்துக்கு முன் மெஷினைச் சோதித்து ஒட்டுவது), டிஸ்ப்ளே மூன்றிலும் ஒரே நம்பர், ஒரே அலகு இருக்க வேண்டும்.

நான்காவது வென்ட், வெளிக்காற்று உள்ளே போகும் வழி. மெஷின் முகப்பில் ஒரு வட்டத் தகடு இருக்கும். உறைசரக்குக்கு அது முழுக்க மூடியிருக்க வேண்டும். முந்தின பயணம் பழம் ஏற்றிய பெட்டி என்றால் திறந்தே வரும்.

நாலும் சரியாக இருந்தால் டிஸ்ப்ளேயில் சப்ளை, ரிட்டர்ன் இரண்டு நம்பரையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். சப்ளை என்பது மெஷின் தரைக்கடியில் ஊதும் காற்று. ரிட்டர்ன் என்பது சரக்கைச் சுற்றிவிட்டு மேலே திரும்பும் காற்று. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் நோயைச் சொல்லும்.

*இரண்டுமே சூடு, இரண்டும் ஏறக்குறைய ஒரே நம்பர்*

மெஷின் குளிர்ச்சி தரவில்லை என்று அர்த்தம். வெளியே நின்று காது கொடுங்கள். கம்ப்ரசர் சத்தம் கேட்கிறதா? கண்டென்சர் ஃபேன் (சூட்டை வெளியே தள்ளுவது) சுற்றுகிறதா? அதன் கிரில்லில் சாக்கோ, பிளாஸ்டிக் தாளோ ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். கடலோர யார்டில் இது அடிக்கடி நடக்கும். டிஸ்ப்ளேயில் அலாரம் கோடு (பழுதைச் சொல்லும் குறியீடு) இருந்தால் போட்டோ எடுத்து, ஒரே ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கேஸ் லீக், சென்சார், கம்ப்ரசர் என்று போகும், நம் வேலை இல்லை. ஷிப்பிங் லைனுக்குப் போன் போடுங்கள். கன்டெய்னர் நம்பர், அலாரம் கோடு, சப்ளை, ரிட்டர்ன் நாலையும் முதல் போனிலேயே சொன்னால் ஆள் சரியான சாமானோடு வருவார்.

பெட்டி காலியாக இருந்தால் வேறு பெட்டி கேளுங்கள், கெஞ்ச வேண்டாம். சரக்கு ஏறிவிட்டது, ஆள் வர நேரமாகும் என்றால் சரக்கைக் கோல்டு ஸ்டோருக்குத் திருப்புங்கள். "வந்துக்கிட்டே இருக்கார்" என்ற பேச்சை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

*சப்ளை நல்ல குளிர், ரிட்டர்ன் சூடு*

உதாரணமாக சப்ளை மைனஸ் 22, ரிட்டர்ன் மைனஸ் 11. மெஷின் உழைக்கிறது, உள்ளே எங்கிருந்தோ சூடு வந்துகொண்டிருக்கிறது. இதுதான் எங்கள் மாவட்டத்தில் அதிகம் பார்க்கிற கேஸ். இதில்தான் நானும் மாட்டினேன்.

ஒரு கணவாய் லோடு. மதியம் முடித்து, சீல் போடுவதற்கு முன் பிளக் கொடுத்து வைத்தோம். இரவு வரை ரிட்டர்ன் மைனஸ் 12ஐத் தாண்டவில்லை. தூத்துக்குடியிலிருந்து டெக்னீஷியனை வரவழைத்தேன். அவர் டிஸ்ப்ளேயை இரண்டு நிமிடம் பார்த்தார். "அண்ணாச்சி, மிஷினு நல்லாத்தான் ஓடுது. சரக்கைக் குத்திப் பாத்தியளா?" என்றார். பார்க்கவில்லை. கதவோரக் கார்ட்டனை எடுத்து, பிளாக்கில் கை டிரில்லால் துளை போட்டு ப்ரோபை விட்டால் மைனஸ் 9. ஃப்ரீசரில் நேரம் போதாமல் எடுத்த சரக்கு, அதற்கு மேல் கூரையில்லாத யார்டில் வெயிலில் லோடிங். அவருடைய பயணச் செலவு எங்கள் தலையில் விழுந்தது. நியாயம்தான்.

ஆகவே வரிசை இப்படி: வென்ட்டை இன்னொரு முறை பாருங்கள். கதவு ரப்பரைச் சுற்றிலும் டார்ச் அடித்து, அட்டைத் துண்டோ கயிறோ இடுக்கியிருக்கிறதா பாருங்கள். சரக்கு உள்சுவரின் சிவப்புக் கோட்டுக்கு மேலே போயிருக்கிறதா? போயிருந்தால் காற்று திரும்பும் வழியை நீங்களே அடைத்துவிட்டீர்கள். அப்புறம் சரக்கைக் குத்திப் பாருங்கள், மேல், நடு, கதவோரம் என்று மூன்று இடத்திலாவது. ப்ரோபைச் சில நிமிடம் உறைசரக்குக்கு நடுவில் வைத்துக் குளிரவிட்ட பிறகு அளந்தால்தான் நம்பர் உண்மை.

மைனஸ் 18 இல்லை என்றால் வழி ஒன்றுதான்: இறக்கி ஃப்ரீசருக்குத் திருப்புவது. கூலி போகும், கட்-ஆஃப் (பெட்டி துறைமுகம் சேர வேண்டிய கடைசி நேரம்) போகும், கப்பலும் போகலாம். "கப்பலில் போகப் போகக் குளிர்ந்துவிடும்" என்று அனுப்பினால், நிறைந்த லோடின் நடுவில் இருக்கும் கார்ட்டன் நாள் கணக்கில் சூடாகவே கிடக்கும். ஐரோப்பிய விதியில் உறைந்த மீன் பயணத்தில் எல்லாப் பகுதியிலும் மைனஸ் 18 இருக்க வேண்டும், கொஞ்ச நேரத்துக்கு 3 டிகிரி ஏறலாம், அவ்வளவே சலுகை. மைனஸ் 9க்கு அங்கே மன்னிப்பு இல்லை.

கார்ட்டன் நனைந்திருக்கிறது, கூரையில் பனி கட்டியிருக்கிறது

நல்லது செய்வதாக நினைத்துச் செய்கிற தப்பு இது. காலிப் பெட்டியை முன்கூட்டியே மைனஸ் 18க்கு ஓடவிட்டு, பிறகு யார்டில் கதவைத் திறப்பார்கள். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். கடல் காற்றும் சேர்ந்தால் காற்றே தண்ணீர்தான். அந்தக் காற்று குளிர்ந்த சுவரில் பட்டதும் சொட்டும், காயிலில் பட்டால் பனியாகப் பிடிக்கும். கார்ட்டன் நமத்து, அடி வரிசை நசுங்கும். காயில் அடைத்துக்கொண்டால் மேலே சொன்ன "வெப்பம் இறங்கவில்லை" அறிகுறியும் கூடவே வரும்.

கோல்டு ஸ்டோர் வாசலோடு பெட்டியின் வாய் ஒட்டுகிற டாக் வசதி இருந்தால் மட்டும் முன்குளிர்ச்சி செய்யுங்கள். திறந்த யார்டு என்றால் வேண்டாம். லோடிங் நடக்கும்போது மெஷின் ஆஃப். ஃபேன் ஓடினால் வெளிக்காற்றை இழுத்து உள்ளே அனுப்பும். இடையில் சாப்பாட்டுக்குப் போனால் கதவைச் சாத்திவிட்டுப் போங்கள். நாங்கள் இப்போது விடிகாலை 4 மணிக்கு ஆரம்பித்து, ஸ்டோரிலிருந்து எடுத்ததை எங்கும் அடுக்கி வைக்காமல் நேரே ஏற்றுகிறோம். ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். சரக்கு முணுமுணுப்பதில்லை.

ஏற்கெனவே பனி கட்டிவிட்டதா? மேனுவல் டிஃப்ராஸ்ட் ஒன்று கொடுத்துப் பாருங்கள். இரண்டு முறை கொடுத்தும் காற்றோட்டம் வரவில்லை என்றால் ஹீட்டரோ வடிகால் குழாயோ பழுது, டெக்னீஷியன் வேலை.

ரோட்டில் ஜென்செட் (வண்டியில் பெட்டிக்குக் கரன்ட் தரும் ஜெனரேட்டர்) நின்றுவிட்டது

நாகர்கோவிலிலிருந்து தூத்துக்குடி துறைமுகம் திருநெல்வேலி வழியாக ஏறக்குறைய 130 கிலோமீட்டர். கொச்சிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு, நெரிசலும் அதிகம். ஒருமுறை கணவாய் ஏற்றிய வண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றது; அலுவலகத்தில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். காரணம் டீசல். லாரி டேங்க் நிறைந்திருந்தது, ஜென்செட்டுக்குத் தனி டேங்க் என்பது புது டிரைவருக்குத் தெரியாது.

டீசல், ஜென்செட் பேட்டரி, பிளக் ஆடிக் கழன்றது. இந்த மூன்றையும் போனிலேயே டிரைவரைப் பார்க்கச் சொல்லலாம். சரியாகவில்லை என்றால் கதவைத் திறக்க விடாதீர்கள். சீல் உடைந்தால் அது சுங்க விவகாரம், அப்புறம் குளிர்ச்சியே இரண்டாம் பிரச்சினை. மைனஸ் 18இல் ஏறிய நிறைந்த லோடு மூடிய பெட்டியில் சில மணி நேரம் தாங்கும். வென்ட் மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கட்டும். பழ லோடுக்கு இந்தத் தைரியம் கூடாது, காய் மூச்சுவிட்டுத் தானே சூடாகும்.

துறைமுகம் பக்கம் என்றால் போய் யார்டில் பிளக் போடுவது நல்லது. தூரம் என்றால் மாற்று ஜென்செட்டுக்கு டிரான்ஸ்போர்ட்டரை அழுத்துங்கள். நின்ற நேரம், ஓடிய நேரம் இரண்டையும் எழுதி வையுங்கள். பெட்டியின் லாகில் அது எப்படியும் பதிவாகியிருக்கும், நீங்கள் மறைத்தால் பிறகு அசிங்கம்.

ஏத்தன் கறுத்துப்போனது, அல்லது வழியிலேயே பழுத்தது

கறுத்தது என்றால் அதிகக் குளிர். வாழைக்கு 13 டிகிரிக்குக் கீழே ஆகாது. தோலுக்கடியில் பழுப்புக் கோடு விழும், பிறகு எத்தனை நாள் வைத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. "கொஞ்சம் கூடக் குளிர் இருந்தால் நல்லதுதானே" என்று மீன் புத்தியில் 10 வைப்பவர்கள் உண்டு.

பழுத்தது என்றால் முதலில் வென்ட். மீனுக்கு மூட வேண்டிய அதே தகடு இங்கே திறந்திருக்க வேண்டும், எவ்வளவு என்பது புக்கிங்கில் எழுதியிருக்கும். அடுத்து அட்டைப்பெட்டியின் துளைகள் ஒன்றன்மேல் ஒன்று நேராக வருகின்றனவா என்று பாருங்கள். உறைசரக்கைச் சுற்றிக் காற்று போனால் போதும், காய்க்கு ஊடே போக வேண்டும். ஒரு குலையில் பழுத்த காய் ஒன்று இருந்தாலும் அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு மற்றதையும் பழுக்கக் கிளப்பிவிடும். கடைசியாக நாள் கணக்கு. 2023 டிசம்பர் முதல் செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கிய கப்பல்களில் ஐரோப்பாவுக்குப் பத்து நாள் அளவுக்குக் கூடியது. புக்கிங் போடும்போதே கப்பல் எந்த வழி என்று கேட்டு, அதற்கேற்ற முற்றலில் வெட்டுங்கள். வெட்டிய பிறகு மெஷினால் எதுவும் செய்ய முடியாது.

லாகர் கிராஃபில் மேடு பள்ளம்

சரக்கோடு போகும் லாகர் (வெப்பத்தைப் பதிவு செய்யும் சின்னக் கருவி) காட்டும் கிராஃபைப் பையர் அனுப்பி "வெப்பம் ஏறியிருக்கிறது" என்பார். ஒரே இடைவெளியில், ஒரே உயரத்தில், கொஞ்ச நேரத்தில் இறங்கும் முட்டு என்றால் டிஃப்ராஸ்ட். காற்று மட்டும் ஏறியது, சரக்கு ஏறவில்லை. நீங்கள் வைத்த லாகர் எங்கே இருந்தது என்றும் பாருங்கள். கதவில் ஒட்டியிருந்தால் அது கதவின் வெப்பத்தைச் சொல்லும். கார்ட்டன்களுக்கு நடுவில் ஒன்று, கதவோர வரிசையில் ஒன்று என்று வைப்பது என் வழக்கம். ஏறி, மணிக்கணக்கில் தட்டையாக நின்ற கோடு வேறு கதை. யாரோ பிளக்கைக் கழற்றியிருக்கிறார்கள். தூத்துக்குடிச் சரக்கு கொழும்பில் கப்பல் மாறும்போது அந்த இடைவெளியைத் தேடுங்கள்.

போய்ச் சேர்ந்த சரக்கில் ஒரு பகுதி இளகியிருக்கிறது

தனித்தனியாக இருந்த கணவாய் வளையங்கள் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தால் இளகி மறுபடி உறைந்திருக்கிறது. பை மூலையில் பொடிப் பனி சேர்ந்திருந்தால் வெப்பம் ஏறி ஏறி இறங்கியிருக்கிறது. பையரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த இடத்துக் கார்ட்டன் என்பது.

மேல் வரிசை மட்டும் என்றால் சிவப்புக் கோட்டைத் தாண்டி அடுக்கியிருக்கிறோம். கதவோர வரிசை என்றால் கதவு ரப்பர், அல்லது தரையின் காற்றுப் பள்ளங்கள் முடியும் இடத்தைத் தாண்டி வைத்த கடைசி அடுக்கு, அல்லது வழியில் சோதனைக்குத் திறந்த கதவு. மெஷின் பக்கத்து முதல் வரிசை என்றால் அது நம் லோடிங்கின் நேரம். முதலில் ஏறிய கார்ட்டன், கடைசிக் கார்ட்டன் வரும்வரை சூடான பெட்டியில் காத்திருந்தது.

அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் கார்ட்டனில் அச்சடித்த புரொடக்‌ஷன் குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள். எல்லாம் ஒரே நாள் குறியீடு என்றால் பெட்டியை விட்டுவிட்டு உங்கள் ஃப்ரீசர் ரிஜிஸ்டரைத் திறங்கள். மொத்த லோடுமே என்றால் பவர் அல்லது செட் பாயிண்ட். பெட்டியின் டேட்டா டவுன்லோடை ஷிப்பிங் லைனிடம் எழுத்தில் கேளுங்கள்.

இந்தக் கட்டத்துக்கு மேல் போனில் பேசித் தீராது. இன்சூரன்ஸுக்கு அன்றே தகவல், இறங்கிய துறைமுகத்தில் சேதத்தைப் பார்த்து அறிக்கை தரும் சர்வேயர், ஷிப்பிங் லைனையும் அழைத்துக் கூட்டு சர்வே. வெளியே தெரியாத சேதத்துக்கு டெலிவரியான 3 நாளுக்குள் கேரியருக்கு (ஷிப்பிங் லைனுக்கு) எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். வழக்கு என்றால் 1 வருடம். லோடிங் அன்று எடுத்த ப்ரோப் நம்பர்கள், சிவப்புக் கோடு தெரியும் போட்டோ, மூடிய வென்ட் போட்டோ, சீல் நம்பர் போட்டோ நாலையும் அனுப்பிவிடுங்கள். சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஒரு கார்ட்டனைக்கூடக் குப்பையில் போட வேண்டாம் என்று பையரிடம் மெயிலிலும் சொல்லுங்கள், போனிலும் சொல்லுங்கள்.